வேன் கண்ணாடி உட்புறம் மங்கினால்
மார்கழியில் மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சென்று வேனிலேயே இரவு தங்குபவர்கள், விடியற்காலையில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தால், துணியால் துடைத்துக்கொண்டிராமல், ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்து இயக்கி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, அதைக் கண்ணாடியின் மேல் திருப்பிவிட வேண்டும். இரவெல்லாம் நாம் விட்ட மூச்சின் ஈரமும், உள்ளே காபி போட்டபோது எழுந்த ஆவியுமே குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகின்றன. அந்த ஈரத்தை ஏசி காற்றிலிருந்து பிரித்துவிடுகிறது. அந்த உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்குவதால், கண்ணாடி சில நிமிடங்களில் தெளிந்துவிடும். குளிரில் ஏசி எதற்கு என்று பலர் அதைத் தொடாமலே மலைப்பாதையில் இறங்குவது உண்மையிலேயே ஆபத்தானது. வெளிப்புறத்தில் படியும் பனித்துளிகளைத் துடைக்க வைப்பர் வேண்டும். அடிவாரத்தின் ஈரக்காற்றில் ஏசியின் குளிர்காற்றைக் கண்ணாடியின் மேல் விட்டால், வெளிப்புறம் மேலும் மங்கும்.