இடி கேட்ட பிறகும் முன்னே போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் மெக்ரிட்சி காட்டுப் பாதையில் நான்கு இளைஞர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மணி 1.30, வெள்ளை வெளேர் என்று புது ஷூ. அதற்குள் ஒரு தடவை இடி உறுமிவிட்டது. "திரும்பிடுங்க தம்பி" என்றேன். "தூரத்துலதான் அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

தண்ணீர், தொப்பி எல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விடுங்கள்.

"தூரத்துலதான்"

அக்டோபர், நவம்பர் என்றால் இங்கே இரண்டு பருவக்காற்றுக்கு நடுவில் உள்ள காலம். காற்று அவ்வளவாக இருக்காது, காலை வெயிலில் தரை சூடேறி, கடற்காற்றும் உள்ளே வந்து மோத, மதியத்துக்கு மேல் மேகம் கிடுகிடுவென எழும்பும். தமிழ்நாட்டில் நம்ம ஊரில் ஐப்பசி அடைமழை நாள் முழுக்க நசநசக்கும். இங்கே 2 மணிவரை வெயில், அப்புறம் கொட்டித் தீர்த்துவிடும். காட்டுக்குள் இன்னொரு சிக்கல், வானமே தெரியாது. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இருட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் ஒரு கிலோமீட்டர் என்று எண்ணச் சொல்வார்கள், ஆனால் மின்னலும் இலைக்குப் பின்னால் போய்விடுவதால் அந்தக் கணக்கும் அங்கே பெரிதாக உதவாது. இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் நிற்கிறோம்.

அன்று எங்களுக்கு இது உறைக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், அலுவலக நண்பர்கள் ஐந்து பேர். முதல் இடி கேட்டபோது கூரை போட்ட ஓய்விடம் பத்து நிமிட நடையில் பின்னால் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, முடிச்சிட்டே போயிடலாம்" என்று சொன்னது நான்தான். கொஞ்ச நேரத்தில் பாதை ஓடையாகிவிட்டது. பெரிய மரத்தடியில் ஒதுங்கினோம் (மின்னலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது, கிளையும் ஒடிந்து விழும்), அடுத்த இடிக்குப் பயந்து ஓடினோம், ஒரு நண்பர் வேரில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு இடது கைச் சாப்பாடு. இன்றும் என்னைப் பார்த்தால் "முடிச்சிட்டே போலாமா?" என்பார்.

"தினமும்தான் இடியுடன் மழைன்னு போடுறான்" என்று அலட்சியம் பேசுவதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது. தினமும் பெய்வதால்தானே போடுகிறார்கள்! காலையில் பார்த்ததோடு விடாமல், நடுவழியில் நின்று மைஎன்வி (myENV) என்கிற வானிலைச் செயலியில் மழைப் படத்தையும் 2 மணி நேர முன்னறிவிப்பையும் பாருங்கள். 7 மணிக்கு உள்ளே போனால் 12 மணிக்குள் கோப்பிக்கடைக்கு வந்துவிடலாம். (சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை விடியற்காலையிலேயே வந்து நிற்கும், அது தனிக் கதை.) கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் கூரையை விட்டு வெளியே வராதீர்கள்.

"163 மீட்டர் எல்லாம் ஒரு மலையா?"

சிங்கப்பூரின் உயரமான குன்று புக்கிட் தீமாவைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள் தார்ச்சாலை வழியாக ஏறியவர்கள். மழை விட்டதும் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள், அதுவும் அடி தேய்ந்த ஷூவோடு.

கையில் பிளாஸ்டிக் பை

குரங்கு அதைச் சாப்பாட்டுப் பை என்றுதான் நினைக்கும்.

திங்கட்கிழமை

மெக்ரிட்சி காட்டுக்குள் இருக்கிற தொங்குபாலம், ட்ரீடாப் வாக், மூடியிருக்கும். வாசல்வரை நடந்துபோய்த் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.