நாட்டியப் பள்ளியை நடத்திய அம்மாவுக்கு நினைவுக் கூட்டம்

மறைந்த நாளைவிடப் பிறந்தநாளில் வையுங்கள். மாணவிகள் மனம் நிறைந்து ஆடலாம். (கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவிக்கு இரண்டும் நெருங்கி வரும்: மறைவு பிப்ரவரி 24, பிறப்பு பிப்ரவரி 29.)

படத்தை 12-க்கு 18 அங்குலத்தில், மேட் தாளில் அச்சிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மேடை விளக்கு பட்டால் முகமே தெரியாது.

பேசுவோர் ஐவர், ஆளுக்கு நான்கு நிமிடம். ஒருவர் மிருதங்கக்காரராக இருக்கட்டும்.

தட்டுக்கழியால் தாளம் தட்டி அம்மா சொன்ன சொற்கட்டுதான் (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) பெரிய சொத்து. அது பதிவான பழைய கேசட்டை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள், ஒட்டிய நாடா அறுந்துவிடும். பென்சிலைச் செருகிக் கையால் சில சுற்று தளர்த்தி, கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றி, பிறகு ஓட்டி, ஒலியை வேறொன்றில் பதியுங்கள். விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை முதலிலேயே உடைத்துவிட்டால், தவறிப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் அவர் குரல் அழியாது. இரண்டு பிரதி, இரண்டு வீடுகளில்.