செட்டாப் பாக்ஸை லேன் வழியே பூட் செய்ய

பாக்ஸின் ஃபிளாஷை விட்டுவிட்டு, லினக்ஸ் கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) லேன் வழியே பிசியிலிருந்து இறக்கிப் பூட் செய்வதுதான் வேலை. கடையில் விற்கும் பாக்ஸை வாங்கி இதில் இறங்காதீர்கள். பெரும்பாலும் பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடி கெர்னலை ஏற்றும் புரோகிராம்) பூட்டியே வரும், கையொப்பமில்லாத கெர்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டெவலப்மென்ட் போர்டோ, யூ-பூட் என்ற பூட்லோடர் திறந்திருக்கும் பாக்ஸோதான் வேண்டும்.

கூடவே லினக்ஸ் பிசி ஒன்று, அதில் இரண்டு லேன் கார்டு, தனி ஸ்விட்ச், பாக்ஸின் சீரியல் போர்ட்டைப் பிசியில் பார்க்க 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் கன்வர்ட்டர். 5 வோல்ட் கன்வர்ட்டர் பாக்ஸின் சிப்பையே எரித்துவிடலாம். கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) மூன்று வயர் போதும். இந்தப் பக்கத்து டிஎக்ஸ் அந்தப் பக்கத்து ஆர்எக்ஸுக்கு. சீரியல் வேகம் பெரும்பாலும் 115200 பாட்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி சும்மா விடாது. பாக்ஸ், கன்வர்ட்டர், பிசி என்று எல்லாவற்றையும் மொட்டைமாடியிலிருந்து வரும் கேபிள் வயர் ஒரே கிரவுண்டில் கோத்துவிடுகிறது. வானம் கறுத்ததும் முதலில் அந்த வயரைக் கழற்றுங்கள், பவர் பிளக் அப்புறம்.

பிசியின் இரண்டாவது கார்டுக்கு 192.168.50.1 என்ற ஐபி கொடுத்து, அதில் மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் புரோகிராமை ஓட விடுங்கள். ஐபி கொடுக்கும் டிஎச்சிபி, ஃபைல் அனுப்பும் டிஎஃப்டிபி இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த ஸ்விட்ச்சைக் கல்லூரி லேனில் செருகினால் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் நம்மிடம் ஐபி வாங்கிக்கொண்டு இன்டர்நெட் இல்லாமல் நிற்கும்.

பாக்ஸை ஆன் செய்து, கவுன்ட்டவுன் ஓடும்போதே கீயைத் தட்டி யூ-பூட்டுக்குள் போங்கள். முதலில் பிங் செய்து பிசி பதில் தருகிறதா என்று பாருங்கள். பிறகு கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் (போர்டில் என்ன ஹார்டுவேர் என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) இறக்குங்கள். திரையில் # வரிசை ஓடினால் நல்லது. டி எழுத்தாக விழுந்தால் டைம்-அவுட். முதலில் பிசியின் ஃபயர்வாலைப் பாருங்கள்: கேட்பதுதான் யூடிபி 69-ல், ஃபைல் வருவது வேறு போர்ட்டில். மேனேஜ்டு ஸ்விட்ச்சாக இருந்தால் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ வசதி போர்ட்டை 30 விநாடி அடைத்து வைக்கும், போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள்.

“ஸ்டார்ட்டிங் கெர்னல்” வந்த பிறகு ஒரு வரிகூட வரவில்லையா? பெரும்பாலும் பூட் ஆர்க்யுமென்ட்டில் (கெர்னலுக்குக் கொடுக்கும் குறிப்பு வரி) கன்சோல் பெயர் தவறு, அல்லது இரண்டு ஃபைலும் மெமரியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அட்ரஸ்களைத் தள்ளி வையுங்கள்.

அதிக நேரம் தின்பது என்எஃப்எஸ் ரூட்தான், அதாவது பாக்ஸின் ஃபைல் சிஸ்டத்தையே பிசியில் வைத்து லேன் வழியே தருவது. லேன் டிரைவரும் என்எஃப்எஸ் ரூட் வசதியும் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும்; மாட்யூலாகப் போட்டால், அது இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை எட்டவே அது தேவைப்படும். பூட் ஆர்க்யுமென்ட்டில் என்எஃப்எஸ் வெர்ஷன் 3, டிசிபி என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பல கெர்னல்கள் வெர்ஷன் 2-ஐக் கேட்கும், இன்றைய சர்வர்கள் அதைத் தருவதில்லை. பாக்ஸின் ரூட் யூசரை அதிகாரமில்லாத யூசராக்கிவிடும் ரூட் ஸ்க்வாஷைச் சர்வரில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள்.

லாகின் வரும் நேரத்தில் “சர்வர் நாட் ரெஸ்பாண்டிங்” என்று உறைந்தால், பாக்ஸின் நெட்வொர்க் ஸ்கிரிப்ட் லேனை இறக்கி ஏற்றுகிறது. ரூட்டே அந்த லேனில்தானே இருக்கிறது! ஸ்கிரிப்ட் தொடாதபடி பாக்ஸின் லேன் கார்டை அதன் நெட்வொர்க் செட்டிங்கில் மேனுவலாக்குங்கள்.

தனித்தனியே ஒழுங்காக எழும் இரண்டு போர்டுகள் சேர்ந்து வைத்தால் தடுமாறும். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே மேக் அட்ரஸ் (லேன் கார்டின் அடையாள எண்) இருக்கும்; ஒன்றை மாற்றுங்கள். எல்லாம் சரியான பிறகே செட்டிங்கைச் சேமியுங்கள், ஃபிளாஷிலிருந்து பூட் ஆகும் பழைய கமாண்டை வேறு பெயரில் வைத்துவிட்டு.