கச்சேரிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் திரும்பும் வழியில் செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கில் வார இறுதி நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் பத்து நிமிடத்தைக் கவனித்தாலே போதும். ஒருவர் சைக்கிளை எங்கே பூட்டினோம் என்று கைப்பேசி வெளிச்சத்தில் தேடுகிறார். இன்னொருவரின் முன்விளக்கு இரண்டு முறை மினுங்கி அணைகிறது. மூன்றாமவர் "காது ஙொய்யென்று இருக்கிறது" என்று சிரித்தபடியே இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு முகங்கள், செய்வது மட்டும் அதே மூன்று. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

தலைக்கவசம் போடுங்கள், டயரில் காற்றுப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை தெரியாமல் யாரும் இரவில் சைக்கிளை எடுப்பதில்லை. நேரடி இசைக்காக நகருக்குள் வந்து, களைத்த உடம்போடு நடு இரவை நெருங்கி வீடு திரும்புகிறவர்களுக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டும்.

வருவதற்கு மட்டும் கணக்குப் போடுவது

ஏழரை மணி நிகழ்ச்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். முதலில் போட வேண்டியது திரும்பும் கணக்கு. பூங்கா இணைப்புப் பாதையில் இரவில் நிதானமாக மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாகப் பிடோக் பக்கம் போகிறவருக்கு அது ஒரு மணி நேரம். அதற்கான தண்ணீர், விளக்கின் மின்கலம், கால்களில் தெம்பு ஆகியவை நிகழ்ச்சி முடிந்த பிறகும் மிச்சமிருக்க வேண்டும்.

மடக்கு சைக்கிள்காரர்கள் எம்ஆர்டி நகர ரயிலை நம்புகிறார்கள். நம்பலாம், ஆனால் மடக்கிய நிலையில் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் வாங்கியபோது அந்த அளவுக்குள் இருந்த வண்டி, பிறகு பொருத்திய அகலமான ஹேண்டில்பாரோடும் முன்கூடையோடும் அதைத் தாண்டிவிடும். வீட்டிலேயே மடக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் பெடலையும் சேர்த்து, அளவுநாடாவால் பாருங்கள். கடைசி ரயிலின் நேரத்தை நிலையத்துக்கு நிலையம், திசைக்குத் திசை தனியாகப் பார்க்க வேண்டும். இடையில் தடம் மாற வேண்டியிருந்தால், மாறும் நிலையத்தின் கடைசி ரயில்தான் உங்கள் கடைசி ரயில்.

மூன்று மணி நேரத்துக்குக் கேபிள் பூட்டு

காப்பிக் கடையில் ஐந்து நிமிடம் நிற்கும் சைக்கிளுக்கும், கச்சேரி முடியும்வரை யார் கண்ணிலும் படாமல் நிற்கும் சைக்கிளுக்கும் ஒரே பூட்டுப் போதாது. மெல்லிய கேபிளைக் கைக்கு அடக்கமான வெட்டுக்கருவியால் சில நொடிகளில் அறுத்துவிடலாம். 13 அல்லது 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள யு-பூட்டு எடுங்கள். அதைப் பின்சக்கரம், ஃப்ரேமின் பின் முக்கோணம், நிறுத்தத்தின் இரும்புக்கம்பி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பின்சக்கரம்தான் கியரோடு சேர்ந்து விலை அதிகம். கேபிளைத் தூக்கி எறிய வேண்டாம், முன்சக்கரத்தை யு-பூட்டோடு இணைக்க அது உதவும். பூட்டுக்குள் வெற்றிடம் எவ்வளவு குறைவோ, கம்பியை நுழைத்து நெம்புவது அவ்வளவு கடினம். சாவித்துளை தரையைப் பார்த்திருந்தால் மழைநீரும் இறங்காது.

முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனவர்கள், கருவியில்லாமலே கையால் கழற்றும் விசை வைத்த அந்த ஒற்றைச் சக்கரத்தோடு வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறோம்.

பூட்டும் இடமும் முக்கியம். லிட்டில் இந்தியாவில் ஐந்தடி நடைபாதைத் தூணிலோ சாலையோரக் கம்பித் தடுப்பிலோ கட்டிவிட்டுப் போகாதீர்கள். வழியை மறிக்கும் சைக்கிளை அப்புறப்படுத்துவார்கள். அதுவும் திருட்டுப் போனது போலத்தான் தெரியும், அலைச்சலும் அதே அளவு. எம்ஆர்டி நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் நடங்கள். ஃப்ரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியதும் சட்டை மாற்றுவது

மிதிப்பதை நிறுத்தியதும் வியர்வை நிற்காது. உடம்பின் உள்வெப்பம் இறங்கும்வரை பதினைந்து, இருபது நிமிடம் ஊறிக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் காய்வதும் இல்லை. இறங்கிய உடனே ஜிப்பாவை மாட்டினால் அதுவும் நனைந்து, குளிரூட்டிய அரங்கில் இரண்டு மணி நேரம் நடுங்க வேண்டும். அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். நிழலில் நின்று, ஈரத்துணியால் கழுத்தும் முதுகும் துடைத்து, ஆறிய பிறகே மாற்றுங்கள். மாற்றுத் துணியை மடிக்காமல் சுருட்டி வைத்தால் கசங்குவது குறையும். முதுகுப்பையைவிடக் கேரியரில் மாட்டும் பை மேல். முதுகாவது காய்ந்திருக்கும்.

காதைப் பணயம் வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கிலி தேய்ந்தால் புதிது வாங்கலாம், சைக்கிளே போனாலும் காசு சேர்த்து வாங்கலாம். காதின் உட்சுருளில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் மனிதனுக்கு ஒரு முறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. இது தெரிந்தும், ஒலிபெருக்கிக்கு முன்னால் இடம் பிடிப்பதைப் பெருமையாக நினைக்கும் புதியவர்களைப் பார்க்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

கணக்கு எளிது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். சிறிய அரங்கில் டிரம்ஸும் மின்கிதாரும் சேர்ந்தால் 100 பெரிய எண் இல்லை. முதல் இரண்டு பாட்டுக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. ஒலிபெருக்கியே இல்லாத தவிலுக்கும் உறுமிக்கும் பக்கத்தில் நிற்பவர்கள் இதில் தப்பியவர்கள் என்று எண்ண வேண்டாம்.

சைக்கிள்காரருக்கு இதில் இரட்டை நட்டம். பலத்த ஒலியில் முதலில் மங்குவது பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த ஒலிகள். பின்னால் வரும் சைக்கிளின் மணி, பிரேக்கின் கிறீச்சொலி, எச்சரித்துக் கூப்பிடுகிறவர் குரலின் கூர்மை எல்லாம் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அந்த மங்கல் சில மணி நேரமோ ஒரு நாளோ நீடிக்கும். அதாவது, சாலையில் காது மிகவும் தேவைப்படும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது பாதி வேலையைச் செய்கிறது. வேகம் குறைந்த மின்கார்கள் ஏற்கெனவே ஓசையில்லாமல் வருகின்றன. இந்த நிலையில் இயர்பட்ஸையும் மாட்டி, மந்தமான காதுக்குக் கேட்கட்டும் என்று ஒலியை இரண்டு படி ஏற்றிக்கொண்டு கிளம்புவதை எப்படி விளக்குவது என்றே தெரியவில்லை. அன்று ஏற்கெனவே அடிபட்ட காதின்மேல் மறுபடியும் அடி, அதோடு முதுகுப் பக்கம் முழுவதும் இருட்டு.

செய்ய வேண்டியது செலவு குறைந்த காரியம். மருந்துக் கடையில் விற்கும் நுரைப் பஞ்சு அடைப்பான் போதும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் அதைக் காதின் வாசலில் செருகி வைத்துக்கொண்டு "ஒன்றும் குறையவில்லையே" என்கிறார்கள். முறை இது: சுத்தமான விரல்களால் மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துளை நேராகும், அப்போது உள்ளே தள்ளுங்கள். விரலை எடுக்காமல் 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடித்தால் அது விரிந்து அடைக்கும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்துங்கள். ஒலி மேலும் வெகுவாகக் குறைந்தால் அடைப்பான் இறங்கவில்லை, எடுத்து மறுபடி செய்யுங்கள்.

நுரை அடைப்பானில் ஒரு குறை உண்டு. உயர்ந்த ஒலிகளையே அதிகம் விழுங்குவதால் வயலின் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், கஞ்சிராவின் சலங்கை காணாமல் போகும். அந்த எரிச்சலில் நடுவே கழற்றிவிடுகிறார்கள். மாதத்துக்கு இரண்டு கச்சேரிக்காவது போகிறவர்கள் இசைக் கலைஞர்களுக்கான வடிகட்டி வைத்த சிலிக்கோன் அடைப்பான் வாங்குவதே சரி. எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாக 15, 20 டெசிபெல் குறைக்கும். பாட்டின் உருவம் கெடாது. 100 டெசிபெல்லில் 15 குறைந்தால் 85. பதினைந்து நிமிட வரம்பு எட்டு மணி நேரமாகிறது. சோப்பு நீரில் கழுவி, காய வைத்து, சாவிக்கொத்திலேயே மாட்டிவிடுங்கள். வேறு எங்கு வைத்தாலும் வீட்டிலேயே தங்கிவிடும்.

நிற்கும் இடமும் மருந்துதான். திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபெல் குறையும். மேடைக்கு நேர் முன்னால் நிற்பதைவிட ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடிதான் அங்கே ஒலியைச் சமன் செய்கிறார், உங்களுக்கும் அதுவே நன்றாகக் கேட்கும். குழந்தையைப் பின்னிருக்கையில் அழைத்து வருகிறவர்கள் பஞ்சுக்குப் பதிலாகத் தலையில் மாட்டும் காதுக் கவசம் வாங்குங்கள்.

ஏறுவதற்கு முன் அடைப்பானைக் கழற்றுங்கள். அதோடு ஓட்டுவதும் செவிடாக ஓட்டுவதுதான். காதுக்குள் இரைச்சல் இருந்தால் காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள்: தடம் மாறுமுன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் இரைச்சல் நின்றபாடில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

நேரமாகிவிட்டது என்று நடைபாதையில் பறப்பது

நடைபாதையில் வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே செல்லும் நடைபாதை பாதசாரிகளுக்கு மட்டுமே. மரினா பே நீர்முகப்பில் வார இறுதி இரவில் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தைப்பூசத்தன்று வண்டியோடு ஊர்வலத்துக்குள் போவது

சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலை வரை அன்று நடக்கிறவர்களின் பாதை. 2016 முதல் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்திருப்பதால் அங்கே கூட்டம் இன்னும் நெருங்கி நிற்கும். காவடியின் அகலத்துக்குப் பக்கத்தில் ஹேண்டில்பாருக்கு இடமில்லை. இரண்டு நிலையம் தள்ளிப் பூட்டிவிட்டு நடந்து வாருங்கள்.

துப்பட்டா, வேட்டி

பின்சக்கரத்தில் சிக்கும். முடிந்து, செருகிவிட்டு ஏறுங்கள்.

மிருதங்கத்தைக் கேரியரில் கட்டுவது

கூடாது. வெயிலும் ஈரமும் அதிர்வும் தோலின் சுருதியைக் கெடுக்கும். டாக்சி பிடியுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவது

பூட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு ரயிலேறுங்கள்.

ஒற்றை விளக்கு

இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு எரிய வேண்டும். வரும்போதே முழு வெளிச்சத்தில் எரிய விட்டால் திரும்பும்போது மின்கலம் காலி. தெருவிளக்கு உள்ள இடத்தில் குறைந்த வெளிச்சம் போதும், இருண்ட பூங்காப் பகுதிக்கு முழுதையும் சேமியுங்கள். கட்டைவிரல் அளவு உபரி விளக்கு ஒன்று பைக்குள் எப்போதும் இருக்கட்டும். பூட்டியதும் விளக்குகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். முன்விளக்கைச் சற்றுத் தாழ்த்தி, ஒளிவட்டம் ஆறேழு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி வையுங்கள். எதிரே நடந்து வருகிறவர் கண்ணில் மினுங்கும் வெள்ளை விளக்கு உங்களையும் காப்பாற்றாது, அவரையும் குருடாக்கும்.

மழையில் நின்ற வண்டியை அப்படியே ஓட்டிப்போய் அப்படியே நிறுத்துவது

எஸ்பிளனேடின் கலா உற்சவம் நடக்கும் நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். அரங்குக்குள் ராகம் விரியும்போது வெளியே வண்டி நனைந்துகொண்டிருக்கும். பூட்டும்போதே சீட்டுக்கு மேல் ஒரு குளியல் தொப்பியை மாட்டிவிடுங்கள். கிளம்பியதும் முதல் நூறு மீட்டரில் பிரேக்கை இலேசாக நாலைந்து முறை பிடித்து விடுங்கள். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் நீர்ப்படலம் வழித்தெடுக்கப்படும்வரை பிடிப்பு வராது. சாக்கடை இரும்பு மூடி, சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு, பார்வையற்றோருக்கான மேடு பதித்த ஓடு மூன்றின்மேலும் வண்டியைச் சாய்க்காதீர்கள், அவற்றின்மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், தூக்கம் அழுத்தும். ஆனாலும் பழந்துணியால் சங்கிலியைப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கி இருபது சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. விட்டுவிட்டால் காலையில் கண்ணிகளில் செந்துரு தெரியும். எண்ணெயை நள்ளிரவில் ஈரத்தின்மேல் விட வேண்டாம். காலையில் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் ஊறல், பிறகு மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.