குறளை அலகிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

தேர்வில் குறளை அலகிடும்போது, அதாவது அசையாகவும் சீராகவும் பிரித்துப் பார்க்கும்போது, எதுகை கேட்டால் பலரும் அடியின் கடைசியைப் பார்க்கிறார்கள். அங்கே ஒத்து வந்தால் அது இயைபு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகை, ‘பாட்டு’ ஆகாது. இதை மறந்துதான் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

அடுத்தது, சொல்லும் சீரும் (அடியை ஓசைப்படி பிரிக்கும் துண்டு) ஒன்று என்று நினைப்பது. பன்னிரண்டாம் குறளை எடுத்துக்கொள்வோம்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

(துப்பாக்கி என்றதும் வகுப்பில் சிரிப்பு வரும். ‘துப்பு ஆக்கி’ என்று பிரித்துவிட்டால் சரி. துப்பு இங்கே உணவு.)

‘துப்பாயதூஉம்’ என்பதில் ‘ஆயதூஉம்’ ஒரே சொல்தான், ஆனால் இரண்டு சீரில் பிரிந்து நிற்கிறது. நடுவில் நிற்கும் ‘உ’வை அச்சுப்பிழை என்று விட்டுவிடாதீர்கள். சீருக்குள் வரும் ஓசைத் துண்டு அசை: ‘தூ’, ‘உம்’ போல வந்தால் நேர், ‘மழை’ போல வந்தால் நிரை. தூ, உம் என்று நேர் நேர் வந்தால்தான் தேமா என்ற வாய்பாடு (அசை அமைப்பின் பெயர்). ‘தூம்’ என்று சுருக்கினால் ஓரசை மட்டுமே மிஞ்சும்; வெண்பாவில் ஈற்றுச்சீர் தவிர வேறெங்கும் ஓரசைச்சீர் நிற்காது.

பெரிய தவறு, வாய்பாடு எழுதியதோடு பேனாவை மூடுவது. ‘துப்பு ஐந்து முறை வருகிறது’ என்பது வெறும் எண்ணிக்கை. உண்பவருக்கு உணவை விளைவிக்கிறது மழை, பிறகு தானே குடிநீராக உணவாகிறது. அந்தச் சுழற்சிக்கு ஏற்ப ஒலியும் திரும்பத் திரும்ப வருகிறது. அசைகளை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து சீரும் தேமாங்காய் (நேர் நேர் நேர்), ஆறாவது தேமா. வரிசையாக 17 நேரசை. குறள் முழுவதிலும் ஒரே ஒரு நிரையசைதான்: ‘மழை’. வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் அந்த இடத்தில் நடை மாறுவது காதுக்கே தெரியும். விடையில் எழுத வேண்டியது இதைத்தான்.

அப்புறம், ஈற்றுச்சீர். முதல் குறளின் ‘உலகு’வை நிரை நேர் என்று பிரித்துப் புளிமா போடுவார்கள். குற்றியலுகரத்தில் (ஓசை குறுகிய ‘உ’) முடிவதால் அது ‘பிறப்பு’ வாய்பாடு.

புதுக்கவிதைக்கு இந்த அளவுகோலே வேண்டாம். அங்கே வரி எங்கே உடைகிறது, எந்தச் சொல் மறுபடி வருகிறது என்று பாருங்கள். தளை (சீரும் சீரும் இணையும் முறை) தட்டுகிறது என்று குறை எழுதாதீர்கள்.