டெபியன் கர்னல் மூலநிரலில் பாதுகாப்புப் பேட்ச் இடுவது எப்படி?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானதும், அதைச் சரிசெய்யும் நிரல் மாற்றக் கோப்பான பேட்சைத் தேடுவதற்கு முன், அந்தத் திருத்தம் உங்கள் கர்னலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் புதிய கர்னலில் வந்த திருத்தங்களைப் பழைய கர்னலிலும் சேர்த்துவிடுவதால், பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. குறையை அடையாளம் காட்டும் பொது எண்ணான சிவிஇ எண்ணை (2016 அக்டோபரில் வெளிவந்த 'டர்ட்டி கௌ' குறைக்கு அது சிவிஇ-2016-5195) டெபியனின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பட்டியலிலும் தொகுப்பில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் சேஞ்ச்லாக் கோப்பிலும் தேடுங்கள். திருத்தம் வந்திருந்தால் வழக்கமான அப்டேட்டே போதும்.

வரவில்லை என்றால், தொகுப்புகளை நிர்வகிக்கும் ஆப்ட் கட்டளையின் 'சோர்ஸ்' தெரிவைக் கொண்டு லினக்ஸ் தொகுப்பின் மூலநிரலை இறக்குங்கள். இதை நிர்வாகியான ரூட்டாக அன்றிச் சாதாரணப் பயனராகவே செய்யலாம். பேட்சை உங்கள் கர்னல் வரிசைக்கான திருத்தங்கள் சேரும் ஸ்டேபிள் கிளையிலிருந்து எடுப்பது நல்லது. புதிய வளர்ச்சி நடக்கும் முதன்மைக் கிளையின் பேட்ச் பழைய நிரலோடு பல நேரங்களில் பொருந்தாது.

அடுத்து வருவதுதான் நிதானம் தேவைப்படும் இடம். மூலநிரல் அடைவின் உச்சியில் நின்றுகொண்டு, பேட்ச் கட்டளையை 'பி1', 'டிரை-ரன்' ஆகிய தெரிவுகளோடு இயக்குங்கள். இதில் எந்தக் கோப்பும் மாறாது. என்ன நடக்கும் என்பது மட்டும் திரையில் வரும். 'ஆஃப்செட்' என்று வந்தால், பேட்ச் எதிர்பார்த்த வரிகள் சற்றுத் தள்ளி இருக்கின்றன என்று பொருள்; பெரும்பாலும் அதனால் தொல்லை இல்லை. 'ஃபஸ்' என்று வந்தாலோ, சுற்றியுள்ள வரிகளில் சில பொருந்தாமலே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கர்னல் நிரலில் பிழை கையாளும் வரிகள் செயற்கூறுக்குச் செயற்கூறு ஒரே மாதிரி இருப்பதால், திருத்தம் தவறான செயற்கூறில் போய் உட்காரவும் கூடும். அந்தக் கோப்பைத் திறந்து கண்ணால் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள். பேட்ச் ஏற்கெனவே இடப்பட்டிருப்பதாகச் சொல்லி, திருப்பி எடுக்கவா என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே பதில் தர வேண்டும். சம்மதித்தால் இருக்கும் பாதுகாப்பும் போய்விடும். பொருந்தாத பகுதி இருந்தால், உண்மையாக இடும்போது அது 'ரெஜ்' கோப்பில் எழுதப்படும். நிரலைப் புரிந்துகொண்டு அதைக் கையால் சேர்க்க இயலாதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவதே பாதுகாப்பு.

முன்னோட்டம் சுத்தமாக வந்தால் 'டிரை-ரன்' தெரிவை நீக்கிவிட்டு மீண்டும் இயக்குங்கள். பிறகு பூட் அடைவில் உள்ள இப்போதைய கர்னல் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பை மூலநிரல் அடைவில் '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, புதிய அமைப்புகளுக்கு இயல்பு மதிப்பைத் தரும் 'ஓல்டுடெஃப்கான்ஃபிக்' இலக்கை மேக் கட்டளையால் இயக்கி, 'லோக்கல்வெர்ஷன்' அமைப்பில் தனிப் பெயர் ஒன்றைக் கொடுத்து, மேக் கட்டளையின் 'பின்டெப்-பிகேஜி' இலக்கால் நிறுவக்கூடிய டெப் தொகுப்புகளை உருவாக்குங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத கர்னல் தொடங்காது என்பதால், உங்கள் சாவியை முன்கூட்டியே பதிவு செய்து கர்னலில் கையொப்பமிட்டாக வேண்டும்.

நிறுவியபின் பழைய கர்னலை நீக்காதீர்கள். புதியது தொடங்காமல் போனால் கணினி தொடங்கும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியலில் அதுதான் கைகொடுக்கும். ரீபூட் செய்யும் வரை நினைவகத்தில் ஓடுவது குறையுள்ள கர்னலே ஆகையால், ரீபூட் செய்து, 'யூநேம்' கட்டளையை 'ஆர்' தெரிவோடு இயக்கி, நீங்கள் கொடுத்த தனிப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்களே உருவாக்கிய கர்னலுக்கு ஆப்ட் வழியாக அப்டேட் வராது; எனவே டெபியனின் திருத்தப்பட்ட கர்னல் வெளியானதும் அதை நிறுவி, அதில் ரீபூட் செய்தபின் உங்களுடையதை நீக்கிவிடுங்கள்.