எலி குடிக்கிறதா என்று அளப்பது எப்படி?

கூண்டுக்கு ஒரு சுண்டெலி, இரண்டு பாட்டில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கன அளவில் 10 சதவீத எத்தனால், அதாவது ஆல்கஹால் கலந்த தண்ணீர். தினமும் ஒரே நேரத்தில் பாட்டில்களை எடை போட்டு, இடம் வலம் மாற்றி வையுங்கள். முதல் தடவை நான் மாற்றாமல் விட்டு, ஒரு எலியைக் ‘குடிகாரன்’ என்று நோட்டில் எழுதிவிட்டேன். பார்த்தால், அதற்கு இடப்பக்கம்தான் பிடிக்குமாம்!

எலி இல்லாத கூண்டிலும் இரண்டு பாட்டில் தொங்கட்டும். சொட்டியதும் ஆவியானதும் அதில் தெரியும், கழித்துவிடுங்கள்.

25 கிராம் எலி ஒரு நாளில் எத்தனால் பாட்டிலில் 3 மில்லி குடித்தால் உள்ளே போனது சுமார் 0.24 கிராம் ஆல்கஹால். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 9.5 கிராம். சி57பிஎல்/6ஜே என்ற ஆய்வகச் சுண்டெலி வம்சத்துக்கு இது சாதாரணம். டிபிஏ/2ஜே என்ற இன்னொரு வம்சத்து எலியோ பெரும்பாலும் தொடாது. ஒரே தீனி, ஒரே அறை, வேறுபாடு மரபணுவில். ஆனால் அவசரப்படாதீர்கள், நாக்கின் ருசியும் மரபணு சொன்னபடிதான். இனிக்கும் சாக்கரினும் கசக்கும் குயினைனும் தனித்தனியாக வைத்து, இனிப்பும் கசப்பும் எப்படி என்று பாருங்கள்.

அப்புறம்தான் மூளை. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் பொதுவாகக் குடி குறையும். தண்ணீரும் தீனியும் சேர்ந்து குறைந்ததா என்றும் பாருங்கள்; சோர்ந்து கிடக்கிற எலி எதையும்தான் குடிக்காது.